45 டிகிரி வெயிலில் கார் ஏசி எவ்வளவு தாங்கும்?

[காட்சி: நடுப்பகல் சாலை. நகராத வாகன வரிசை. தார் மேல் கானல் அலைகிறது.]

வெளியே 45 டிகிரி. வண்டி ஓடும்வரை உள்ளே ஜில்லென்று இருக்கிறது. நெரிசலில் மாட்டிக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வென்ட்டில் வருகிற காற்று வெதுவெதுப்பாகிவிடும். வண்டி நகர்ந்ததும் பழையபடி குளிர். ஏசி பழுதாகிவிட்டதோ என்று பயந்து பலரும் கேஸ் அடித்துக்கொண்டு வருகிறார்கள். அடுத்த நெரிசலில் அதே கதை.

கார் ஏசி சின்ன இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக 4 முதல் 6 கிலோவாட் வரை அது சூட்டை வெளியேற்றும். படுக்கையறையில் மாட்டுகிற ஒன்றரை டன் ஏசியின் திறன் சுமார் 5.3 கிலோவாட். அந்த அறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காருக்குள் ஏறத்தாழ அதே சக்தி வேலை செய்கிறது. அப்படியும் ஏன் திணறுகிறது?

[காட்சி: பானெட் திறக்கிறது. முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டன்சரை கேமரா நெருங்குகிறது.]

ஏசியின் வேலை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. அள்ளும் இடம் டாஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயில். கொட்டும் இடம் இந்தக் கண்டன்சர். வெயில் காலத்துத் தகராறெல்லாம் பெரும்பாலும் கொட்டும் இடத்தில்தான்.

சூடு எப்போதும் சூடான பொருளிலிருந்து அதைவிடக் குளிர்ந்த பொருளுக்குத்தான் போகும். வெளிக்காற்று 45 டிகிரி என்றால், உள்ளே அள்ளிய சூட்டைச் சுமந்து கண்டன்சருக்கு வருகிற கேஸ் 60, 65 டிகிரியில் இருந்தால்தான் தன் சூட்டைக் காற்றிடம் கொடுக்க முடியும். பல கார்களில் இருக்கிற ஆர்-134ஏ என்ற கேஸை 60 டிகிரியில் திரவமாக மாற்ற, சுமார் 17 பார் அழுத்தம் வேண்டும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பதினேழு மடங்கு. வெயில் ஏற ஏற அந்த அழுத்தமும் ஏறும், கேஸை அழுத்துகிற கம்ப்ரசரின் பாடும் ஏறும். கண்டன்சரின் வெப்பநிலை 45-இலிருந்து 65 டிகிரிக்குப் போனால், துளிக்கூட இழப்பில்லாத கற்பனை இயந்திரத்துக்கே திறமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இயற்பியல் விதிக்கிற வரம்பு இது.

சரி, ஓடும்போது குளிர்வது நிற்கும்போது ஏன் குளிர்வதில்லை?

[காட்சி: பிரிந்த திரை. இடப்பக்கம் ஓடும் கார், கண்டன்சர் வழியே காற்று பாய்கிறது. வலப்பக்கம் நிற்கும் கார், பானெட்டுக்கு அடியிலிருந்து சூடான காற்று முன்பக்கம் சுற்றி வருகிறது.]

ஓடும் வண்டியில் எதிர்க்காற்று கண்டன்சரை அடித்துக்கொண்டே போகும். நின்றதும் அந்தக் காற்று போய்விடும், கூலிங் ஃபேன் மட்டுமே துணை. அந்த ஃபேன் இழுப்பதும் சுத்தமான வெளிக்காற்று இல்லை. தார்ச்சாலையின் அனல், முன்னால் நிற்கிற வண்டியின் புகை, நம் எஞ்சினுக்குள்ளிருந்து சுற்றி வருகிற சூடு எல்லாம் அதில் கலந்திருக்கும். வானிலை அறிக்கை 45 என்று சொன்னாலும், கண்டன்சருக்கு வந்து சேர்கிற காற்று அதைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும்.

கூடவே இன்னொன்று. பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின் பெல்ட். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடுகிற ஐட்லிங்கில், அது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுதான் சுற்றும். சாலையில் ஓடும்போது அது 2,000-ஐத் தாண்டும். ஆக, சூட்டைக் கொட்டுவது மிகக் கடினமாக இருக்கிற நேரத்தில்தான் கம்ப்ரசரும் மிக மெதுவாகச் சுழல்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்புக்காக ஒரு சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும் பல கார்கள் முதலில் ஏசியைத்தான் நிறுத்தும். அதில் தப்பு எதுவும் இல்லை, எஞ்சின் பிழைத்தால்தான் வண்டி வீடு சேரும்.

இந்த பெல்ட் ஏற்பாட்டுக்கு வயது அதிகம். 1939-இல் பேக்கார்டு என்ற அமெரிக்க கார் நிறுவனம் ஏசி வைத்த காரை அறிமுகப்படுத்தியது. கூலிங் காயில் டிக்கியில் இருந்தது. கம்ப்ரசரை எஞ்சினிலிருந்து பிரித்துவிடுகிற கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் தனி மோட்டாரில் ஓடுவதால் ஐட்லிங் பிரச்சினையே இல்லை. ஆனால் அங்கே பேட்டரியையும் அதே அமைப்புதான் பல கார்களில் குளிர்விக்கிறது. கொளுத்தும் வெயிலில் வேகமாக சார்ஜ் ஏற்றும்போது குளிருக்கு இரண்டு பங்காளிகள்.

[காட்சி: வெயிலில் நிறுத்திய கார். டாஷ்போர்டின் மேல் வெப்பமானி.]

இப்போது வெயிலில் நின்ற காருக்குள் ஏறுகிறோம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பார்த்தால் நிறையப் புரியும். காருக்குள் இருக்கிற காற்று சுமார் 3 கன மீட்டர், எடையில் மூன்று கிலோவைச் சற்றுத் தாண்டும். அதை 25 டிகிரி குளிர்விக்க 4 கிலோவாட் ஏசிக்கு இருபது விநாடி போதும். ஆனால் சீட், டாஷ்போர்டு, கதவுகளின் உள்பக்கம், கூரைத் துணி எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஏசி அதே 25 டிகிரியைக் குறைக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்று குளிர்ந்தாலும், பழுத்துக் கிடக்கிற சீட் அதை உடனே மறுபடி சூடாக்கிவிடும்.

அதனால் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, ஒன்றிரண்டு நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். உள்காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அதை வெளியே துரத்துவதுதான் லாபம். அப்புறம் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே திரும்பச் சுற்றவிடுகிற ரீசர்குலேஷன் பட்டனை அழுத்துங்கள். 45 டிகிரி வெளிக்காற்றை 10 டிகிரிக்குக் கொண்டுவருவதைவிட, ஏற்கனவே 28-க்கு வந்துவிட்ட உள்காற்றை 10-க்குக் கொண்டுவர ஏறத்தாழ பாதி உழைப்புதான் ஆகும். நெடுந்தூரம் போகும்போது அவ்வப்போது வெளிக்காற்றையும் விட வேண்டும். மூடிய காருக்குள் நாம் விடுகிற மூச்சே சேர்ந்து, ஓட்டுபவருக்குத் தூக்கக் கலக்கம் வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. ஏசி ஓடுகிறதே என்று நம்பியும் குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். நிற்கிற வண்டியில் கம்ப்ரசர் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இப்போதுதான் பார்த்தோம்.

[காட்சி: காரின் அடியிலிருந்து சொட்டும் தண்ணீர்.]

வறண்ட வெயிலைவிடப் புழுக்கம் ஏசிக்குப் பெரிய சோதனை. காற்றின் ஈரப்பதம் கூலிங் காயிலில் தண்ணீராக மாறும்போது பெருமளவு சூட்டை அங்கே விட்டுவிடும். 42 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றைவிட, 35 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 8 டிகிரிக்குக் கொண்டுவர ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டை அகற்ற வேண்டும். வெப்பமானி குறைவாகக் காட்டுகிற கடலோர ஊரிலும் ஏசி திணறுவது இதனால்தான். அடியில் சொட்டுகிற தண்ணீர், ஏசி ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

[காட்சி: மெக்கானிக் ஒருவர் அழுத்தமானியை இணைக்கிறார்.]

அப்படியானால் எப்போது மெக்கானிக்கிடம் போவது? ஓடும்போது நல்ல குளிர், நின்றால் மட்டும் அறவே இல்லை என்றால், முதலில் கூலிங் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, கண்டன்சரின் தகடுகளுக்கு நடுவே தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில் கழுவினாலே பல வண்டிகளில் வித்தியாசம் தெரியும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். காற்று வரத்தே குறைவு என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தும் குளிர் இல்லை, அல்லது ஓடினாலும் நின்றாலும் குளிரே இல்லை என்றால், கேஸ் மேல் சந்தேகம் வர வேண்டும்.

கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மளமளவென்று குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது வீண் செலவு. அதிகமாக அடித்தால் கண்டன்சரில் அழுத்தம் இன்னும் ஏறி, குளிர் முன்னைவிடக் குறையும். ஒவ்வொரு காருக்கும் இத்தனை கிராம் என்ற கணக்கு உண்டு. பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்டிக்கரிலேயே அது அச்சாகியிருக்கும். பழைய கேஸை முழுவதும் இழுத்துவிட்டு, அந்த எடைக்குச் சரியாக நிரப்பச் சொல்லுங்கள்.