மீட்டரில் 40 வந்தால் அது நல்ல தண்ணீரா?

[காட்சி: மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். இரண்டிலும் தெளிந்த தண்ணீர்.]

இரண்டு டம்ளர். இரண்டிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. நிறம் இல்லை, வாடை இல்லை. டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவியை, முதல் டம்ளரில் வைக்கிறேன், 40 காட்டுகிறது. இரண்டாவதில் 320. உங்களைக் குடிக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?

பெரும்பாலும் எல்லோரும் 40-ஐத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் அது மூடி இல்லாத பீப்பாயில் ஒரு வாரமாகக் கிடந்த மழைத் தண்ணீர். பறவை எச்சம் விழுந்து கலந்தது. 320 காட்டியது, முறையாக வடிகட்டிக் குளோரின் சேர்த்த குழாய்த் தண்ணீர். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டோம்.

[காட்சி: மீட்டரின் முனை, நெருக்கத்தில். இரண்டு உலோகக் கம்பிகள்.]

இந்த மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பது. அதை ஒரு எண்ணால் பெருக்கி, ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று உத்தேசமாகச் சொல்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள். எண் ஏறவே ஏறாது, ஏனென்றால் சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். சரசரவென்று ஏறும்.

பல பூச்சிக்கொல்லிகளும் சர்க்கரை மாதிரிதான், மீட்டரில் சிக்காது. கிருமியும் சிக்காது. ஆர்சனிக்? உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டர் காட்டும் மிகச் சின்ன எண்ணே 1. வரம்பைப் போல ஐம்பது மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் அது அரை மில்லிகிராம்தான். மீட்டர் அசையாது.

தமிழில் தெளிவு, தூய்மை என்று இரண்டு சொற்கள் இருப்பது இந்த விஷயத்தில் ரொம்ப வசதி. தண்ணீர் தெளிவது ஒரு வேலை, தூய்மையாவது வேறு வேலை. இரண்டையும் ஒரே இயந்திரம் செய்யும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

தண்ணீரில் கலந்திருப்பவற்றை மூன்று கூட்டமாகப் பார்க்கலாம். மிதப்பவை: மண், வண்டல், துரு. உயிருள்ளவை: பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணிகள். கரைந்தவை: உப்புகள், ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், ஈயம். அளவில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரான். ரோட்டா வைரஸ் 0.1 மைக்ரானுக்கும் கீழே. கரைந்த உப்பின் அயனி அதையும்விட நூறு மடங்கு சிறியது. மண்ணைப் பிடிக்கிற வலையில் உப்பு எப்படிச் சிக்கும்?

[காட்சி: கலங்கிய ஆற்று நீர் ஒரு கண்ணாடிக் குடுவையில். அதில் படிகாரக் கரைசல் சேர்க்கப்படுகிறது.]

முதலில் ஒரு ஊருக்கே தண்ணீர் தரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவோம். ஆற்று நீரைக் குடுவையில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்தாலும் கலங்கல் முழுசாக அடங்காது. மிக நுண்ணிய களிமண் துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். படிகாரத்தைக் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். சண்டை போட்டவை ஒட்டிக்கொள்ளும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் பஞ்சுபோலத் திரண்டு, கனம் தாங்காமல் அடியில் இறங்கும். வேகமாகக் கலக்கினால் திரண்டது உடைந்துவிடும். அதனால்தான் அந்தத் தொட்டியில் துடுப்புகள் அவ்வளவு சோம்பலாகச் சுற்றுகின்றன.

மேலே நிற்கும் தெளிந்த நீர் மணல் படுகைக்குப் போகிறது. மணல் வடிகட்டி கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் 1892-ல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

[காட்சி: எல்பே ஆற்றின் வரைபடம். மேல்புறம் ஹாம்பர்க், கீழ்ப்புறம் அல்டோனா.]

ஹாம்பர்க், அல்டோனா. அப்போது இரண்டும் தனித்தனி நகரங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். ஹாம்பர்க் ஆற்றின் மேல்புறத்தில் எடுத்து, வடிகட்டாமல் குழாயில் விட்டது. அல்டோனா கீழ்ப்புறத்தில் எடுத்தது. அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த தண்ணீர். ஆனால் அதை மணலில் வடிகட்டிவிட்டுத்தான் கொடுத்தது.

அந்த ஆண்டு காலரா வந்தது. ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனாவில் நோய் பரவவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஒரே தெருவில், ஹாம்பர்க் குழாய் போன பக்கம் நோய், எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. காலராக் கிருமியை ஆராய்ந்து புகழ்பெற்ற ராபர்ட் கோக் இதை நேரில் வந்து பார்த்தார். காலரா தண்ணீரில் வருகிறதா, மண்ணிலிருந்து எழும் கெட்ட காற்றில் வருகிறதா என்று அதுவரை நடந்துகொண்டிருந்த வாதத்துக்கு, அந்தத் தெருவை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அழுக்கான தண்ணீரை எடுத்த ஊர் எப்படித் தப்பியது? மெதுவாக வடியும் மணல் படுகையின் மேல் சில வாரங்களில் ஒரு வழவழப்பான படலம் உருவாகிறது. ஜெர்மன் மொழியில் அதற்கு ஷ்முட்ஸ்டெக்க என்று பெயர். அழுக்குப் போர்வை என்று அர்த்தம். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வருகிற நோய்க்கிருமிகளைத் தின்று தீர்க்கின்றன.

சரி, மணல் தாண்டியும் தப்பி வருகிறவற்றுக்குக் குளோரின். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் மருத்துவர் ஜான் லீல் குளோரின் கலக்க ஏற்பாடு செய்தார். அந்தத் தண்ணீர் சுத்தமானதுதானா என்று வழக்கே நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடைசியில் நீதிமன்றம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. இன்று அப்படி யாராவது செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இருந்தாலும் அதன் பிறகு பல ஊர்களுக்குக் குளோரின் பரவியது, டைபாய்டு வேகமாகக் குறைந்தது.

குளோரினின் பெரிய பலம், அது தண்ணீரோடு கூடவே வருவது. குழாயில் பத்து கிலோமீட்டர் வந்த பிறகும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தால், வழியில் கசிவு மூலம் நுழையும் கிருமியையும் ஒரு கை பார்க்கும். அந்த வாடை பிடிக்கவில்லை என்று நாம் முகம் சுளிப்பது உண்மையில் காவல்காரனின் வாடையைத்தான். திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். காவலும் அதோடு போய்விடும், அதனால் சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

ஆனால் குளோரினுக்கும் அடங்காதவன் ஒருவன் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அதன் கெட்டியான ஓட்டைக் குளோரினால் உடைக்க முடியாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வடிகட்டும் கட்டம் சரியாக வேலை செய்யாமல் போக, இது குழாய்க்குள் புகுந்து ஏறக்குறைய 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. இதை அடக்கப் புற ஊதாக் கதிர் போதும். அந்தக் கதிர் கிருமியின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், அது இனப்பெருக்கம் செய்ய முடியாது. ஆனால் ஒளி படாத இடத்தில் வேலை நடக்காது. கலங்கிய தண்ணீரில் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். விளக்கைத் தாண்டிய பிறகு காவலும் இல்லை.

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்.]

இனி வீடு. கொதிக்க வைப்பது பழைய வழி, இன்றும் கிருமிகளுக்கு எதிராக நம்பகமான வழி. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதிகளில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் விட வேண்டும். அரை மணி நேரம் கொதிக்க வைப்பதெல்லாம் எரிபொருளுக்குத்தான் கேடு. நைட்ரேட், ஆர்சனிக், ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரை அப்படிக் காய்ச்சினால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அவை அங்கேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

கேண்டில் ஃபில்டர் மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் நிறுத்தும், வைரஸை விட்டுவிடும். கரி ஃபில்டர் வாடை, குளோரின், பல கரிமப் பொருட்களை இழுத்துக்கொள்ளும். ஒரு கிராம் கரியின் உள்ளே மடிந்து கிடக்கும் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர்கூட இருக்கும். ஆனால் மாற்றாமல் விட்ட பழைய கரி, பாக்டீரியா குடித்தனம் நடத்தும் இடமாகிவிடும்.

அப்புறம் ஆர்ஓ. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

[காட்சி: நடுவில் ஒரு படலம். இடப்பக்கம் உப்பு நீர், வலப்பக்கம் நன்னீர்.]

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிக்கொள்கிறது இல்லையா? தண்ணீர் தோலைத் தாண்டி, கரைசல் அடர்த்தியாக இருக்கும் உள்பக்கம் போகிறது. இதுதான் சவ்வூடுபரவல். அடர்த்தியான பக்கத்தில் அழுத்தம் கொடுத்தால் ஓட்டம் திரும்பிவிடும். தண்ணீர் வெளியே வரும், உப்பு உள்ளே நிற்கும். இந்த எதிர்ச் சவ்வூடுபரவலின் சுருக்கப் பெயர்தான் ஆர்ஓ. கடல் நீரைப் பொறுத்தவரை இந்த இயற்கையான இழுப்பை ஜெயிக்க மட்டுமே சுமார் 27 வளிமண்டல அழுத்தம் வேண்டும். கடல்நீர் ஆலைகள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கின்றன. தத்துவம் முன்பே தெரிந்திருந்தது, ஆனால் படலம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டது. 1950களின் கடைசியில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் கலிபோர்னியாவில் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு படலத்தைச் செய்தார்கள். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே பஞ்சுபோன்ற தாங்கு அடுக்கு. ஓட்டம் பல மடங்கு கூடியது. 1965-ல் கோலிங்கா என்ற சிற்றூரில் அது குடிநீர் தர ஆரம்பித்தது.

வீட்டு ஆர்ஓவில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போவது ஏன் என்று கேட்பார்கள். தடுக்கப்பட்ட உப்பு படலத்தின் மேல் சேர்ந்துகொண்டே இருந்தால் அடைத்துவிடும். அதைக் கழுவிக்கொண்டு போகத்தான் அந்தத் தண்ணீர். அதில் விஷம் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. 900 டிடிஎஸ் நீரில் நாலில் மூன்று பங்கு வெளியே போனால், வெளியே வருவது ஏறக்குறைய 1,200. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றத் தாராளமாகப் போதும். செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு சேரும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பல இயந்திரங்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ஆர்ஓ தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதற்காக, படலத்தைத் தாண்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி கலப்பது அதன் வேலை. உங்கள் தண்ணீரில் வெறும் உப்புதான் பிரச்சினை என்றால் சரி. ஃப்ளோரைடுக்கோ ஆர்சனிக்குக்கோ பயந்து ஆர்ஓ வாங்கியிருந்தால், முன்கதவில் துரத்தியதைப் பின்கதவில் அழைத்துவருகிறீர்கள்.

அப்படியென்றால் ஆர்ஓ யாருக்கு? டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டிக் கரிக்கும் தண்ணீருக்கு, அல்லது கரைந்த நச்சு இருப்பது சோதனையில் தெரிந்தவர்களுக்கு. 300 டிடிஎஸ் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறவர் ஆர்ஓ வைப்பது, என் கணக்கில், தண்ணீரையும் காசையும் சாக்கடையில் விடுவது. அவருக்குக் கரியும் புற ஊதா விளக்கும் போதும்.

[காட்சி: வரிசையாகப் பாட்டில்கள்.]

பாட்டில்களுக்கு வருவோம். அடைத்து விற்கும் எல்லாவற்றையும் மினரல் வாட்டர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான மினரல் வாட்டர் நிலத்தடி ஊற்றிலிருந்து, இயல்பான தாது அளவு பெரிதாக மாறாமல் வர வேண்டும். மற்றவை சுத்திகரித்து அடைத்த குடிநீர். லேபிளைப் படித்தால் எது என்று தெரியும். காய்ச்சி வடித்த நீரில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. பேட்டரிக்கும் ஆய்வகத்துக்கும் அருமை. குடித்தால் விஷம் என்பது கட்டுக்கதை. ஆனால் கால்சியம், மக்னீசியம் தண்ணீரிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும், அது இதில் கிடைக்காது. கடின நீரில் அவை நிறைய. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும், எரிச்சல்தான். ஆனால் குடிக்க அதனால் கெடுதல் இல்லை. அதை மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதனால் மீட்டரில் எண் குறையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆல்கலைன் வாட்டர், அதாவது காரத்தன்மை கூட்டிய தண்ணீர்? வயிற்றில் இருக்கும் அமிலத்தின் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1.5 முதல் 3.5 வரை. அங்கே போனதும் அந்தக் காரத்தன்மை காணாமல் போகும். ரத்தத்தின் பிஎச்சை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீர் பாட்டில் அல்ல.

எதை வாங்குவதற்கு முன்பும் தண்ணீரை ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கோலிஃபார்ம் (சாக்கடை கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா), நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்சனிக், கடினத்தன்மை, இரும்பு, டிடிஎஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருக்கலாம். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது சோடியம் தயோசல்பேட். குளோரினை அந்த இடத்திலேயே செயலிழக்கச் செய்யத்தான் போட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால், போகிற வழியில் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், குழாயில் இருந்தது என்ன என்று தெரியாமலே போய்விடும்.