காலைல மட்டும் வர்ற வயித்துவலி – நடிப்பா, நெஜமா?

சரி, அடுத்த கேள்வி, திருப்பூர்லேர்ந்து ஒரு அம்மா அனுப்பிருக்காங்க, அப்படியே படிச்சிடுறேன். "மேடம், என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து காலைல வயிறு வலிக்குதுன்னு ஒரே அழுகை. ஸ்கேன் எடுத்தாச்சு, டாக்டர் ஒன்னுமில்லன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா ஓடியாடி விளையாடுறா. நடிக்கிறா, ரெண்டு போட்டு அனுப்புங்கிறாங்க மாமியார். பாவம் லீவு போட்டுடுங்கிறாரு வீட்டுக்காரரு. நான் யார் பேச்ச கேக்குறது?"

ரெண்டு பேர் பேச்சையும் கேக்க வேணாம்மா.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கோங்க, அந்த வலி நெஜம். ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னா வலியே இல்லன்னு அர்த்தம் கிடையாது. பயம் வந்தா நமக்கே பரீட்ச அன்னைக்கு, இன்டர்வியூ அன்னைக்கு வயித்த கலக்குதுல்ல, அதே தான். மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா நேரா தொடர்பு இருக்கு, மனசு பதறுனா குடல் இறுக்கிப் பிடிக்கும். ஏழு வயசுப் புள்ளைக்கு "எனக்குப் பதட்டமா இருக்கு"ன்னு சொல்ல வார்த்த இல்ல, அதுக்குத் தெரிஞ்சது வயிறும் தலையும் தான், அதான் வயித்தக் காட்டுது. ஞாயித்துக்கிழமை வலிக்கலன்னா அது பொய்க்கு சாட்சி இல்ல, வலி எங்கேர்ந்து வருதுன்னு புள்ள நமக்கு அடையாளம் காட்டுது. ஆனா ராத்திரி தூக்கத்துலேர்ந்து வலியில எழுந்திரிக்கிறா, எடை கொறையுது, காய்ச்சல் வாந்தி இருக்கு, மலத்துல ரத்தம் வருதுன்னா இந்த வீடியோவ நிறுத்திட்டு மறுபடி டாக்டர்ட்ட போங்க, அது வேற கத.

இப்ப, ஸ்கூல்ல என்ன பிரச்சனன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் பண்றது என்னன்னா, புள்ள ஷூ கழட்டும்போதே "ஏன்டி அழுத, யாரு அடிச்சா, மிஸ் திட்டுனாங்களா"ன்னு போலீஸ் மாதிரி கேப்பாங்க. புள்ள "ஒன்னுமில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிடும். ஏன்னு கேக்காதீங்க, அடுத்து என்னன்னு கேளுங்க. ராத்திரி தல சீவி விடும்போதோ, பக்கத்துல படுத்திருக்கும்போதோ, வேன்லேர்ந்து எறங்குனதும் எங்க போவ, பக்கத்துல யாரு உக்காருவா, பெல் அடிச்சா என்ன பண்ணுவ, சாப்பாடு யாரோட சாப்புடுவன்னு வரிசையா கத கேக்குற மாதிரி போங்க. ஒரு எடத்துல புள்ள நிக்கும், இல்ல அந்த எடத்த தாண்டி ஓடும். அங்க தான் விஷயம்.

அப்புறம் சாயந்தரம் பைய தொறந்து பாருங்க. நோட்ட இல்ல, வாட்டர் பாட்டில. காலைல நெறச்சு விட்ட தண்ணி அப்படியே திரும்பி வருதான்னு பாருங்க. நான் ஒன்னாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் டீச்சரா இருந்தவ, சொல்றேன், பாதிப் புள்ளைங்க பிரச்சன பாத்ரூம்ல தான் இருக்கும். தாப்பா போட வராது, நாத்தம், பெரிய கிளாஸ் புள்ளைங்க கதவ தட்டிட்டு சிரிக்கும், இல்லன்னா "இன்டர்வெல்ல போகாம இப்ப என்ன"ன்னு மிஸ் ஒரு தடவ எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டிருப்பாங்க. உடனே புள்ள என்ன பண்ணும், தண்ணியே குடிக்காது, எட்டு மணி நேரம் அடக்கும். மலச்சிக்கல் வரும், யூரின்ல எரிச்சல் வரும், அப்புறம் உண்மையிலேயே வயிறு வலிக்கும். பயத்துல ஆரம்பிச்சது ஒடம்புல போய் நிக்கும். இதுக்கு கவுன்சிலிங் வேணாம், ஒரு தாப்பாளும், கூட போக ஒரு ஃப்ரெண்டும் போதும்.

பசியையும் பாருங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல 2022ல காலை உணவு ஆரம்பிச்சு 2023ல ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எல்லா ஸ்கூலுக்கும் கொண்டுவந்தாங்க, அங்க சூடா பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுட்டு ஒக்காருது புள்ள. ப்ரைவேட் ஸ்கூல் புள்ளைங்க தான் ஆறே முக்கால் வேனுக்கு ஒரு டம்ளர் பால குடிச்சிட்டு ஓடுது, பதினோரு மணிக்கு தான் ஸ்நாக்ஸ். வெறும் வயித்துல எந்தப் புள்ளைக்கு மனசு நல்லா இருக்கும் சொல்லுங்க.

அடுத்தது கிளாஸுக்குள்ள. லீடர்னு ஒரு புள்ளைய நிக்க வச்சு பேசுறவங்க பேர போர்டுல எழுதச் சொல்றது, இது நம்ம ஊர்ல இன்னும் போகல. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பேருக்குப் பக்கத்துல ஒரு இன்ட்டு, இன்னும் பேசுனா ரெண்டு இன்ட்டு. பெரியவங்களுக்கு அது சாதாரணம், அந்தப் புள்ளைக்கு அன்னைக்கு முழுக்க வேற எதுவும் மண்டையில ஏறாது. டிக்டேஷன் மார்க்க சத்தமா வாசிக்கிறதும் அப்படித்தான். முட்டி போட வைக்கிறது, பெஞ்ச் மேல ஏத்துறது, மக்குன்னு கூப்பிடுறது எல்லாம் கல்வி உரிமைச் சட்டம் 2009, 17வது பிரிவுல தடை. அடிக்கிறது மட்டும் இல்ல, மனசளவுல துன்புறுத்துறதும் கூடாதுன்னு அதுலயே இருக்கு. அதே மாதிரி ஒன்னாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸுக்கு ஹோம்வொர்க் கூடாதுன்னு 2018லயே மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிருச்சு, எத்தன ஸ்கூல்ல கேக்குறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா இந்தச் சட்டத்த கையில வச்சுக்கிட்டு நேரா மிஸ்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. முப்பது புள்ளைக்கு ஒரு டீச்சர்னு தான் சட்டம், நடப்பு என்னன்னு நமக்குத் தெரியும், அவங்களும் மனுஷங்க தான். கேட்டுல வச்சு, புள்ள முன்னாடி பேசாதீங்க. பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல போடவே போடாதீங்க, அதுல போட்டா சாயந்தரத்துக்குள்ள ஊருக்கே தெரியும், உங்க பொண்ணுக்கு ஒரு பட்டப்பேரு வேற வந்துடும். தனியா நேரம் கேட்டுப் போய், "மிஸ், காலைல இப்படி அழறா, கிளாஸ்ல எப்ப சோர்ந்து போறான்னு ஒரு வாரம் பாத்து சொல்றீங்களா"ன்னு கேளுங்க. வந்ததும் சாக்பீஸ் எடுத்துட்டு வர்ற மாதிரி, அட்டென்டன்ஸ் நோட்ட ஆபீஸ்ல குடுக்குற மாதிரி ஒரு சின்ன வேல குடுக்கச் சொல்லுங்க. பேர சொல்லிக் கூப்பிட்டு வேல குடுத்துட்டா, கிளாஸுக்குள்ள நுழையுற அந்த அஞ்சு நிமிஷம் தாண்டிடும். பல புள்ளைக்கு அந்த அஞ்சு நிமிஷம் தான் மலை மாதிரி.

லீவு விஷயத்துக்கு வர்றேன். லீவு போடப் போட பயம் பெருசாகும், இது உங்க வீட்டுக்காரர் கேக்கணும். வீட்டுல இருந்தா டிவி, போன், பாட்டி கையால பூரின்னா மறுநாள் வலி டபுளா வரும், அது நடிப்பு இல்ல, ஸ்கூல்னு நெனச்சாலே பதட்டம் ஏறும். "வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்டா தங்கம், வெந்நீர் குடி, ஸ்கூலுக்குப் போலாம்"னு ரெண்டையும் ஒன்னா சொல்லுங்க. கொண்டுபோய் விட்டா ஒரு டாட்டா சொல்லிட்டுக் கிளம்பிடுங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு நிக்காதீங்க, சொல்லாம நைசா நழுவவும் செய்யாதீங்க. ரொம்ப முடியலன்னா மிஸ்கிட்ட பேசி மொத ரெண்டு மூணு நாள் அர நாள் உக்கார வச்சு, அப்புறம் முழு நாளாக்குங்க.

எழுத்து கூட்டிப் படிக்கவே திணறுறா, போர்டுல இருக்கறது தெரியலங்கிறா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்னா கண்ணு, காது, கற்றல் குறைபாடு மூணையும் பாத்துடுங்க. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயோ டிஇஐசின்னு, புள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்ட பாக்குற ஒரு சென்டர் இருக்கும், பதினெட்டு வயசு வரைக்கும் இலவசமா பாப்பாங்க. யாராவது தொட்டாங்க, மெரட்டுறாங்கன்னு புள்ள வாயிலேர்ந்து ஒரு வார்த்த வந்தா ஸ்கூல்ல விசாரிச்சுக்கிட்டு நாள ஓட்டாதீங்க, புள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு போன் அடிங்க. உங்களுக்கே ராத்திரி தூக்கம் வராம மனசு ஒரு மாதிரி இருந்தா 14416, டெலிமானஸ்ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

மாமியார்ட்ட இந்த வீடியோவ போட்டுக் காட்டுங்க, திட்டுனா என்னைய திட்டட்டும். அடுத்து ஒரு அப்பா, மூணாங்கிளாஸ் பையன் போன் குடுத்தா தான் சாப்புடுறான்னு கேட்டிருக்காரு, அதுக்கு வர்றேன்.