முன் பிரேக்கை மேம்படுத்த ஹோஸிலிருந்து தொடங்குவோம்

வணக்கம். பைக்கில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கையே சேர்கிறது. அதை மேம்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய டிஸ்க்கைத் தேடுகிறார்கள். நான், லிவரிலிருந்து சக்கரத்தின் பிரேக்குக்கு ஆயிலைக் கொண்டுசெல்லும் குழாயான ஹோஸிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

[அண்மைக் காட்சி: பழைய ரப்பர் ஹோஸ்; ஒரு கை லிவரை அழுத்துகிறது]

வளைவில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. லிவரை அழுத்தும்போது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடை நகர்த்த வேண்டிய ஆயிலில் சிறு பகுதி ரப்பரை உப்ப வைப்பதிலேயே போய்விடுவதால், லிவர் பஞ்சுபோல் அமுங்குகிறது. உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே ஸ்டீல் பின்னலும் கொண்ட ஹோஸ் அவ்வளவாக உப்பாது. இதனால் பிரேக்கின் உச்ச வலிமை கூடிவிடாது. எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும், மழைச் சாலையில் அதுவே பெரிய உதவி.

லிவரின் அழுத்தத்தைப் பிஸ்டன் மூலம் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதில் நிதானம் வேண்டும். 12.7 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 14 மில்லிமீட்டர் போட்டால் லிவர் கெட்டியாக இருக்கும். ஆனால் பிஸ்டனின் பரப்பு கூடுவதால், அதே கைவிசைக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்துவிடும். கெட்டியான லிவரை வலிமையான பிரேக் என்று எண்ணிவிட வேண்டாம்.

[காட்சி: பேடுகளைத் தாங்கும் காலிபரில் ஹோஸ் பொருத்துதல்]

ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியும், ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஹோஸை இணைக்கும் போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர்கள் வேண்டும். நசுங்கிய பழையவற்றை மீண்டும் போட்டால் கசியும். ஆயில், அதன் கிண்ணத்தின் மூடியில் குறித்துள்ள வகையாகவே இருக்கட்டும். புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட்டை அரித்துவிடும். உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்து ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். லிவரை அழுத்திப் பிடித்தபடி காலிபரில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளைச் சற்றே தளர்த்தி, குமிழியோடு ஆயில் வெளிவந்ததும் இறுக்கி, அதன்பிறகே லிவரை விடுங்கள். மேல் கிண்ணத்தில் ஆயில் வற்றினால் மீண்டும் காற்று புகுந்துவிடும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று தங்கக்கூடும் என்பதால், உரிய கருவி உள்ள பணிமனையிடம் கொடுப்பதே சரி.

இறுதியாக, இணைப்புகளில் வெள்ளைக் காகிதம் சுற்றி, லிவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காகிதம் ஈரமாகாமலும் லிவர் இறங்காமலும் இருந்தால், ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.