ஒரே கேசட்டின் இரண்டு பக்கங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் மேடைக் கச்சேரி பெரிதா, இசைத்தட்டு பெரிதா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரு கேசட்டிலிருந்து தொடங்குகிறேன்.

என் சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் சோப்பு, டார்ச் லைட், சென்ட் பாட்டிலோடு நாலைந்து கேசட்டும் பெட்டியில் இருக்கும். அதில் ஒன்று 90 நிமிடக் கேசட். கப்பலில் கூட இருந்த யாரோ இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுத்தது. ஏ பக்கம் மார்வின் கே, பி பக்கம் டானி ஹாத்தவே. நீல பால்பாயின்ட் பேனாவில் அந்த இரண்டு பெயர்கள் மட்டும் எழுதியிருந்தன. அப்போது எனக்குப் பதினேழு வயது. ஆங்கிலப் பாட்டில் பாதி புரியும், பாதி புரியாது. இவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்திலும் முதலில் வருவது ஒரே பாட்டு என்பது காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏ பக்கத்தில் ஒருவர் பாடுகிறார். திருப்பிப் போட்டால் அதே பாட்டை இன்னொருவர், எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கப் பாடுகிறார்.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. நாடா தளர்ந்துபோய், பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். நான் இன்று சொல்லப்போவதெல்லாம் அப்படிக் கேட்டதில் கிடைத்ததுதான்.

முதலில் ஏ பக்கம். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் 1971 மே மாதம் வந்தது. ஒன்பது பாட்டு, மொத்தம் 35 நிமிடம். அதே பெயருள்ள முதல் பாட்டின் விதை கலிஃபோர்னியாவில் விழுந்தது. ஃபோர் டாப்ஸ் குழுவில் பாடிய ஓபி பென்சன், 1969-இல் பெர்க்லியின் பீப்பிள்ஸ் பார்க் போராட்டத்தில் போலீஸ் இளைஞர்களை அடித்து விரட்டியதைப் பார்த்தார். என்னதான் நடக்கிறது இங்கே என்று அவருக்குள் எழுந்த கேள்விதான் பாட்டானது. ஆல் கிளீவ்லாண்ட் அதை வளர்த்தார். மார்வின் அதற்கு உயிர் கொடுத்தார். அவருடைய தம்பி ஃபிராங்கி வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவர் சொன்ன கதைகள் ஆல்பம் முழுக்க ஓடுகின்றன. மார்வினின் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனியின் முதலாளி பெர்ரி கார்டிக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அப்படியும் 1971 ஜனவரியில் தனிப் பாட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. அப்புறம்தான் முழு ஆல்பத்துக்கு வழி பிறந்தது.

இந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் பேச்சுச் சத்தம். ஒரு வீட்டில் விருந்து நடக்கிறது, நாம் கதவைத் திறந்து உள்ளே போகிறோம், தெரிந்தவர்கள் தோளில் தட்டி நலம் விசாரிக்கிறார்கள். நான் ரொம்ப நாள் இது கச்சேரியில் பதிந்தது என்றே நினைத்திருந்தேன். இல்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் ஆடிய மெல் ஃபார், லெம் பார்னி என்ற இரண்டு அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மார்வினின் நண்பர்கள். அவர்களையும் இன்னும் சிலரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துவந்து, விருந்தில் பேசுவதுபோலப் பேச வைத்தார். அந்த விருந்து ஒலிவாங்கிக்காகவே நடந்த விருந்து.

அதற்கு மேல் ஒரு சாக்ஸஃபோன் வருகிறதே, அதை வாசித்தவர் ஈலை ஃபோன்டெய்ன். அவர் வாசிப்பதற்கு முன் சும்மா விரலைப் பழக்கிக்கொண்டிருந்தார். மார்வின் அதையே எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது, போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை ஏதோ ஒரு கிளப்பிலிருந்து தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள் என்றும், உட்கார முடியாத நிலையில் இருந்த அவர் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்றும் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள், படுத்துக்கொண்டு வாசித்தவர் வாசிப்பு மாதிரியா இருக்கிறது? ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தண்ணீர்க் குடம் சுமந்து நடக்கிற பெண்ணின் நடை மாதிரி இருக்கிறது.

எனக்கு மிகப் பெரிய விஷயம் அந்த இரட்டைக் குரல். மார்வின் ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிப் பதிந்திருந்தார். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கக் கேட்டபோது, இன்ஜினியர் கென் சாண்ட்ஸ் இரண்டையும் தவறுதலாக ஒன்றாக ஓட்டிவிட்டார். ஒரே மனிதர் தன்னோடு தானே பேசிக்கொள்கிற மாதிரி கேட்டது. மார்வின் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதற்குப் பின் அதுவே அவருடைய அடையாளம் ஆனது. முதல் ஆறு மாதம் எனக்கு இந்த ஆல்பத்தில் ஒரு குரல்தான் கேட்டது. ஒரு மழை நாள் சாயங்காலம், கரண்ட் போய், பேட்டரி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் இன்னொருவர் அதே வரியைக் கொஞ்சம் தள்ளிப் பாடுவது கேட்டது. கேசட் கெட்டுவிட்டதோ என்று நிறுத்திப் பார்த்தேன். கெடவில்லை. அந்த இரண்டாவது ஆள் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தார். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு இந்த ஆள் அகப்படவே மாட்டார்.

சரி, இதை மேடையில் எப்படிப் பாடுவது?

1972 மே 1, வாஷிங்டன் நகரம், கென்னடி சென்டர் அரங்கம். மார்வின் பிறந்த ஊர் அது. அந்த நாளை அவர் பெயரால் கொண்டாடினார்கள். அவர் பல வருடம் கச்சேரி செய்யாமல் இருந்தவர். 1967-இல் அவரோடு ஜோடியாகப் பாடிய டாமி டெரல் மேடையிலேயே அவர் கையில் சரிந்து விழுந்தார். மூளையில் கட்டி. 1970-இல் இறந்துபோனார், 24 வயது. அதன் பிறகு மேடை என்றாலே மார்வினுக்குக் கலக்கம். அந்தக் கலக்கத்தோடுதான் அன்று வந்து நின்றார். ஆல்பத்தை இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினார், முதல் பக்கத்துக்கு அப்புறம்தான் வந்தார். இரண்டு பாட்டை இரண்டாவது முறையும் பாடினார். பல வருடம் கழித்து அந்தப் பதிவு வெளிவந்தபோது ஆசையாக வாங்கிக் கேட்டேன். ஜேமர்சன் இருக்கிறார், வாத்தியங்கள் இருக்கின்றன, கூட்டத்தின் அன்பு வெள்ளமாக வருகிறது. ஆனால் மேடையில் ஒரு மார்வின்தான் நிற்க முடியும். என் காது அந்த இரண்டாவது மார்வினைத் தேடிக்கொண்டே இருந்தது. அந்தப் பதிவை நான் மதிக்கிறேன். நடுக்கத்தை மீறி ஒரு மனிதன் பாடுவது அதில் கேட்கிறது. ஆனால் அதை நாலு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

இதைச் சொன்னவுடன், ஸ்டூடியோதான் பெரிது என்கிறான் இவன் என்று நினைத்துவிட வேண்டாம். கேசட்டைத் திருப்பிப் போடுகிறேன்.

'டானி ஹாத்தவே லைவ்', 1972 வெளியீடு. முன்பாதி 1971-இல் ஹாலிவுட்டின் ட்ரூபடோர் கிளப்பிலும், பின்பாதி அதே வருடம் நியூயார்க்கின் பிட்டர் எண்ட் கிளப்பிலும் பதிவானவை. இரண்டுமே சின்ன இடங்கள். வாசித்தவர்களின் நெஞ்சுக்கு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது கூட்டம். டானி செயின்ட் லூயிஸில் பாட்டியிடம் வளர்ந்தவர், அந்தப் பாட்டி தேவாலயப் பாடகி. பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். தேவாலயமும் படிப்பும் சேர்ந்த கை அது. டிரம்ஸ் வாசித்த ஃபிரெட் ஒயிட்டுக்கு அப்போது 16 வயது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வயதில் நான் அறுந்த நாடாவுக்கு செலோடேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டு மார்வினுடையது. ஆல்பம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, அதற்குள் டானி எடுத்துப் பாடுகிறார். விருந்துச் சத்தம் இல்லை, இரட்டைக் குரல் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. மின்பியானோவில் தொடங்குகிறார். ஸ்டூடியோவில் பல நாள் அடுக்கிக் கட்டிய ஒரு மாளிகையை, இவர் ஆறேழு பேரை வைத்து ஐந்து நிமிடத்தில் கூடாரம்போல எழுப்பிவிடுகிறார். மார்வின் வெளியே சொல்ல முடியாததைத் தனக்குள் சொல்லிக்கொண்டார். டானி அதையே எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார்.

அடுத்தது 'தி கெட்டோ'. ஸ்டூடியோவில் ஏழு நிமிடத்துக்குள் முடிந்த பாட்டு, இங்கே 12 நிமிடம் போகிறது. அதே சின்னச் சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. மேலே பியானோ அலைகிறது, காங்கா மேளம் இரைகிறது, கடைசியில் கூட்டமே கைதட்டித் தாளம் போட்டுப் பாட ஆரம்பிக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்பது என்பது கேட்கிறவனின் பழக்கம் மட்டும் இல்லை, இந்த இசையின் உள்ளேயே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது இந்தப் பாட்டில்தான். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒரு வரியைப் பிடித்தால் சபை அசைந்து எழும்வரை விடமாட்டார்கள். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவு பாடிப் பதிந்த 'அமேசிங் கிரேஸ்' ஆல்பத்தைக் கேட்டால் இது விளங்கும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பாடல்கள் புதியவை அல்ல, தொட்டிலிலிருந்து கேட்டவை. அதனால்தான் அவர்களால் அப்படி எழுந்து நிற்க முடிந்தது.

இப்போது நான் சொல்ல நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். டானியின் முன்பாதியில் கடைசிப் பாட்டு, 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்'. கேரல் கிங் எழுதியது. அந்த வருடம் ஜேம்ஸ் டெய்லர் பாடி, ட்ரூபடோர் பதிவுக்குச் சற்று முன்னால்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. டானி பியானோவில் முதல் சில சுரங்களைத் தொட்டவுடனே கூட்டம் கத்துகிறது. பல்லவி வந்ததும் அவர் பாட வேண்டிய தேவையே இல்லை. மொத்த கிளப்பும் பாடுகிறது. பெண்களின் குரல்கள் தனியே கேட்கின்றன. ஒரு வார்த்தை பிசகவில்லை. எப்படி? ரேடியோவிலும் வீட்டிலும் அந்தப் பாட்டை அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தார்கள். இசைத்தட்டு தேய்ந்த வீடுகளிலிருந்து கிளம்பி வந்த கூட்டம் அது. தட்டு இல்லாவிட்டால் அந்த மேடை இல்லை. அந்த மேடை இல்லாவிட்டால் எனக்கு இந்தத் தட்டு இல்லை. எது பெரியது என்ற கேள்வியே எனக்கு இந்த இடத்தில் கரைந்துபோகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் போட்ட கூச்சல், 1971-இல் ஒரு இரவில் ஒரே ஒரு முறை நடந்தது. போட்டவர் வீட்டுக்குப் போய் மறந்திருப்பார். எனக்கோ அது பாட்டின் ஓர் உறுப்பு. பல்லவிக்கு எப்படிக் காத்திருக்கிறேனோ அப்படி அந்தக் கூச்சலுக்கும் காத்திருக்கிறேன். அது வராவிட்டால் பாட்டு குறைப்பட்டது. தற்செயலாக நடந்ததெல்லாம் நூறாவது முறை கேட்கும்போது எழுதி வைத்த சுரமாகிவிடுகிறது. ஏ பக்கத்தில் மார்வின், கூட்டமே இல்லாத இடத்தில் ஒரு கூட்டத்தை உண்டாக்கினார். பி பக்கத்தில் நிஜக் கூட்டம், கேட்கக் கேட்க, என் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். சில பாட்டு அப்படித்தான், நானும் தூக்கிப் போட்டிருக்கிறேன். இந்த இரண்டும் எனக்குப் புளிக்கவில்லை. முதல் வருடம் பாடுகிறவரைக் கேட்டேன். அடுத்து பேஸ் கிட்டாரைப் பின்தொடர்ந்தேன். பிறகு காங்காவை. இப்போது கூட்டத்தைத்தான் அதிகம் கேட்கிறேன். டானி 1979-இல் 33 வயதில் போய்விட்டார், மனநோயோடு பல வருடம் போராடியவர். மார்வின் 1984-இல், 45 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது, தன் அப்பாவின் துப்பாக்கியால் இறந்தார். அவர்களை நான் மேடையில் பார்த்ததே இல்லை, பார்க்கவும் வழியில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் திரும்பக் கேட்பது மட்டும்தான்.

கேசட்டின் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. டானியின் ஆல்பம் 50 நிமிடத்துக்கு மேல். கேசட்டின் ஒரு பக்கம் 45. அதனால் கடைசிப் பாட்டு, 'வாய்சஸ் இன்சைட்', பாதியிலேயே 'டக்' என்று நின்றுவிடும். ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தனியே வாசித்து வருகிறார்கள், கிட்டார் அந்தரத்தில் நிற்கிறது, பொத்தான் மேலே எழும்பிவிடும். பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்து ஆறேழு வருடம் கேட்டேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு சிடி வாங்கினேன். அந்த இடம் வந்தது. நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. பிறகு டானி, வில்லி வீக்ஸ் என்று பேஸ் கிட்டார்காரரை அறிமுகம் செய்கிறார். அவர் மெல்ல, ஒற்றைச் சுரத்தைத் தட்டித் தட்டித் தொடங்கி, சுரத்துக்குச் சுரம் கூட்டம் பதில் சொல்ல, ஏறிக்கொண்டே போகிறார். அறையில் தனியாக இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கத்தினேன்.

இன்றும் அந்தப் பாட்டைப் போட்டால், கேசட் நின்ற இடத்தில் என் காது ஒரு நொடி 'டக்' சத்தத்தை எதிர்பார்க்கிறது.

பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஒலிப்பெட்டியில் ட்ரூபடோர் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன், நாலரை நிமிடம். பல்லவி தெரிந்தவர்கள் சேர்ந்து பாடுங்கள். தெரியாதவர்களுக்காக அப்புறம் இன்னொரு தடவை போடுகிறேன்.