கொம்பியூட்டரில் கேட்கும் இரைச்சல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கொம்பியூட்டர் பூட்டுகிற பிள்ளைகள் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பூட்டி முடித்து, படம் வந்து, எல்லாம் சரி என்று ஸ்பீக்கரைப் போட்டால் ஓர் இரைச்சல். உடனே மதர்போர்ட் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பழுதே இல்லை. காசைச் செலவழிக்க முன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கிருந்து வருகிறது என்பதை அதுவே காட்டித் தரும்.

பாட்டு ஓடும்போது மட்டும் சடசடவென்று விட்டுவிட்டு வெடித்தால், அனேகமாக அது டிரைவர் கோளாறு, அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளின் கோளாறு. சவுண்ட், வைஃபை இரண்டின் டிரைவரையும் புதுப்பித்துப் பாருங்கள். வீட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது சத்தமும் மாறினால் குற்றவாளி அதன் ரெகுலேட்டர். போனைப் பக்கத்தில் வைத்ததும் டிக்கிடிக் என்றால் போனைத் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். மவுசை அசைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம், கேம் ஓடும்போது அது இன்னும் கூடுகிறது என்றால், கேசிங்குக்கு உள்ளே ஒட்டுக்கேட்கிறது என்று அர்த்தம். கேசிங்கின் முன்பக்க ஓட்டையில் இருந்து ஒரு மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழால் போர்டின் மூலைவரை போகிறது. வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் அது வாங்கிக்கொண்டு போகும். பின்பக்கப் பச்சை ஓட்டையில் ஹெட்போனைக் குத்திப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் முன்பக்கத்தை மறந்துவிடலாம்.

ஆனால் நான் முக்கியமாகப் பேச வந்தது ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக வரும் உறுமலைப் பற்றி.

ஆரையம்பதியில் ஒரு தம்பி, தன் அம்மப்பா பாடும் வடமோடிக் கூத்துப் பாட்டுகளைப் பதிந்து வைக்க விரும்பினார். அம்மப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர், குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவரிடம் மைக் சத்தங்களைச் சேர்க்கும் சின்ன மிக்சர் ஒன்றை இரவல் வாங்கி, கொம்பியூட்டரோடு இணைத்துப் பதிந்திருக்கிறார். போட்டுக் கேட்டால் மத்தளத்துக்கும் தாளத்துக்கும் அடியில் உறுமல். மத்தளம் ஓய்ந்து பெரியவர் தனியே இழுத்துப் பாடுகிற இடத்தில் குரலைவிட உறுமல்தான் முன்னுக்கு நிற்கிறது.

போய்ப் பார்த்தேன். மிக்சர் ஒரு சுவரில், கொம்பியூட்டர் எதிர்ச் சுவரில் குத்தியிருந்தது. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைவது. இரண்டு பிளக்கிலும் எர்த், அதாவது கசியும் கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் வயர், இருக்கிறது, இரண்டையும் ஓடியோ வயரும் சேர்க்கிறது. அப்போது எர்த் வழியே ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு கரண்ட் பாட்டோடு கலந்துவிடும். உறுமலாகக் கேட்பது அந்த 50-ம் அதன் மடங்குகளும்தான். இரண்டையும் ஒரே மல்டிபிளக்கில் குத்தினோம், உறுமல் பெரும்பாலும் அடங்கியது. மிச்சத்துக்கு ஓடியோ வயரின் இடையில் ஒரு சின்ன ஐசொலேட்டர் போட்டோம். அதற்குள் இருப்பது குட்டி டிரான்ஸ்போமர், பாட்டை மட்டும் கடத்தி எர்த் தொடர்பை வெட்டிவிடும். யூஎஸ்பி சவுண்ட் கார்ட் வாங்கினால் போதாதா என்று கேட்டார். உள்ளே வருகிற கீச்சுக்கு அது நல்ல மருந்து. வளையத்தை அது வெட்டாது, ஏனென்றால் யூஎஸ்பி வயரிலும் அதே எர்த் வருகிறது.

அவருக்கு யாரோ வேறொரு வழியும் சொல்லியிருந்தார்கள். பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கழற்றிவிடு, சத்தம் நிற்கும் என்று. சத்தம் நிற்கும், உண்மைதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கொம்பியூட்டர் பவர் சப்ளையில் இரைச்சலை வடிப்பதற்காகக் கரண்ட் வயர்களுக்கும் கேசிங்குக்கும் இடையே சிறு கொண்டென்சர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேசிங்கில் 115 வோல்ட் அளவுக்கு மீட்டர் காட்டும். கேசிங்கைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கிறதே, அது இதுதான். கரண்ட் மிகச் சிறிது என்பதால் அந்த நேரம் ஒன்றும் ஆகாது. உள்ளே ஒரு வயர் உரசி இரும்பில் பட்டால் முழு 230 வோல்ட்டும் அங்கே நிற்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று அதைத் தொடுவது நம் பிள்ளைகள்.

கேசிங் சுர்ரென்கிற வீடுகளில் முதலில் மல்டிபிளக்கைப் பாருங்கள். மலிவு மல்டிபிளக் சிலதில் எர்த் ஓட்டை இருக்கும், வயரே இருக்காது. அது சரியென்றால் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியைப் பாருங்கள். கல்லடியில் இருந்து கல்முனை வரை கரையோரம் முழுக்க மணல். காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. மாரியில் நன்றாக இருக்கும் எர்த் ஆடி ஆவணியில் கைவிடுவது அதனால்தான். கம்பி ஈர மணலைத் தொடுமளவு ஆழம் போயிருக்க வேண்டும், உப்புக் காற்றில் அதன் கிளிப்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கவும் கூடாது. அனுமதிப்பத்திரம் உள்ள எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல விடாமல், மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். வந்த கையோடு, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அமத்திக் காட்டச் சொல்லுங்கள். அமத்தியதும் விழவில்லை என்றால் அதை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

நன்றி, வணக்கம்.