ஆச்சியின் செல்லும் இரண்டாம் கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பதினெட்டு வருடமாகச் செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். கடைப் படியேறும்போதே பலர் சொல்லிக்கொண்டு வருவது, "ஹேங் ஆயிருச்சு தம்பி".

அந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு நோய் இருக்கின்றன. செல்லே உறைந்து போவது ஒன்று, ஓர் ஆப் மட்டும் அடம்பிடிப்பது இன்னொன்று. முகப்புத் திரைக்குப் போய்ப் பாருங்கள். வீட்டு முகப்பு இல்லை, செல் முகப்பு! திரை வந்துவிட்டால் செல்லுக்கு ஒன்றுமில்லை, அந்த ஆப்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. பேரன் சிங்கப்பூரில். "வீட்டுல வீடியோ கால் போட்டா அப்படியே நின்னுபோகுது" என்று மூன்று முறை கடைக்கு வந்தார்கள். மூன்று முறையும் என் மேசையில் ஒழுங்காகவே ஓடியது. வைத்தியரைக் கண்டதும் பல்வலி நின்றுவிடுமே, அது மாதிரி. நான்காவது முறை நானே வீட்டுக்குப் போனேன்.

நம்ம செட்டிநாட்டு வீடுதான் தெரியுமே. தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு என்கிற முற்றம் எல்லாம் தாண்டி, இரண்டாம் கட்டு என்கிற பின்பகுதியில் ஓர் உள்ளறை. அங்கேதான் ஆச்சி உட்கார்ந்து பேசுவார்களாம், வெயில் தெரியாதாம். அந்தக் கனத்த சுவருக்குள் வெயிலும் வரவில்லை, சிக்னலும் சரியாக வரவில்லை. ஒரே ஒரு கோடு. சிக்னல் அடியோடு இல்லாவிட்டால் ஆப் பெரும்பாலும் இணைப்பு இல்லையென்று சொல்லிவிடும். அரைகுறையாக இருந்தால்தான் தொல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். நாற்காலியைத் தூக்கி வளவில், வானம் தெரிகிற இடத்தில் போட்டேன். பேரன் முகம் பளிச்சென்று வந்தது. கூலி வாங்கவில்லை. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் கிடைத்தன. கூலியைவிட அது மேல் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சரி, அடுத்தது. உறைந்த திரையைத் தட்டாதீர்கள். திரையை வரைவதும் உங்கள் விரலைக் கவனிப்பதும் ஆப்புக்குள்ளே ஒரே ஆள் வேலை. அவரைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் தலையைக் கவிழ்த்திருக்கிறார். நீங்கள் கதவைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டும் வரிசையில் சேர்கிறது. அவர் நிமிர்ந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்வார். ஆண்ட்ராய்டு செல்லில், தொட்டு 5 விநாடி ஆகியும் ஆப் அசையாவிட்டால் "மூடவா, காத்திருக்கவா" என்று செல்லே கேட்கும். முதல் தடவை காத்திருங்கள்.

பணம் அனுப்புகிற ஆப் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தேவகோட்டைக் கல்யாணத்தில் ஒருவர் செல்லில் மொய் அனுப்பினார். சக்கரம் சுற்றியது. மூடிவிட்டு மறுபடி அனுப்பினார், மறுபடியும் சுற்றியது. அன்றைக்கு அவர் மொய் இரட்டை மொய்! திருப்பிக் கேட்க வாய் வருமா? முதலில் ஆப்பின் பழைய கணக்கையும் வங்கி எஸ்எம்எஸ்ஸையும் பாருங்கள். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம், உங்கள் கணக்கில் கழிந்து அவருக்குப் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது 2019 முதல் ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். ஆகவே தட்டாதீர்கள், பாருங்கள்.

காத்திருந்தும் அசையவில்லையா? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், அந்த ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப், அதாவது வலுக்கட்டாயமாக நிறுத்தம், செய்யுங்கள். அங்கேயே ஸ்டோரேஜ் என்பதைத் தொட்டால், கேச் அழிக்கிற பட்டனும் டேட்டா அழிக்கிற பட்டனும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். கேச் என்பது வேகத்துக்காக ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பது. அது போனால் நஷ்டமில்லை, மறுபடி சேர்ந்துவிடும். டேட்டா போனால் அந்த ஆப் செல்லில் வைத்திருந்தது எல்லாம் போகும். பெயரை வாசித்துவிட்டுத் தொடுங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். 2021 மார்ச்சில் ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூவின் கோளாறால் பல ஆப்கள் ஒன்றாக விழுந்த கதையைச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. அப்புறம் ஐபோன். செல்லே உறைந்தால், 8-லும் அதற்குப் பிந்திய மாடல்களிலும் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தி உடனே விடுங்கள், குறைக்கும் பட்டனை அழுத்தி உடனே விடுங்கள், பிறகு பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடித்துக்கொண்டே இருங்கள். வணக்கம்.