உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு: ஒரு பானை ஓடு என்னவெல்லாம் சொல்லும்?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பானை ஓடு. விரல்கள் அதை மெல்லத் திருப்புகின்றன.]

வணக்கம். இந்த ஓட்டைக் கொஞ்சம் பாருங்கள். வெளிப்பக்கம் நல்ல சிவப்பு, திருப்பினால் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் இதே மாதிரி நிறையப் பார்த்திருப்பீர்கள், கருப்பு சிவப்புப் பானை என்று பெயர். ஆனால் என் கையில் இருப்பது அகழாய்வில் கிடைத்தது இல்லை. போன கோடையில் எங்கள் ஊர்க் கொல்லையில் நானே சுட்ட ஒரு கிண்ணத்தின் துண்டு. மண் வேலையைப் பொழுதுபோக்காக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இந்த இரண்டு நிறத்தின் மேல்தான் கண். ஒரே பானைக்கு இரண்டு நிறம் எப்படி வந்தது?

இது வண்ணம் தீட்டியது இல்லை. இரண்டு விதமான மண்ணும் இல்லை. ஒரே மண், ஒரே நெருப்பு, மாறுவது காற்று மட்டும்தான். நம் குளத்துக் களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சுடும்போது காற்று தாராளமாகப் பட்டால் அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கிறது. செங்கல், பூந்தொட்டி, ஓட்டு வீட்டின் ஓடு எல்லாம் சிவப்பாக இருப்பது இதனால்தான். காற்று எட்டாத இடத்தில் இரும்பு சிவக்க முடியாது. அதோடு அரைகுறையாக எரிந்த வைக்கோலின் கரி மண்ணின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அந்த இடம் கருப்பு.

[காட்சி: கவிழ்த்த கிண்ணத்தின் கோட்டோவியம். கீழே உமி, சுற்றிலும் வரட்டி.]

அப்படியானால் உள்ளே மட்டும் காற்று போகாமல் எப்படித் தடுப்பது? கவிழ்த்து வைத்தால் போதும். பானையைக் குப்புற வைத்து, வாய் உமியிலோ வைக்கோலிலோ புதைந்திருக்கும்படி செய்து, சுற்றிலும் நெருப்பு வைத்தால் வெளிப்பக்கம் காற்றில் சிவக்கும், உள்பக்கமும் புதைந்த விளிம்பும் கறுக்கும். ஒரே தடவை சுட்டார்களா, முதலில் சிவக்கச் சுட்டுவிட்டு இரண்டாவது தடவை கறுக்க வைத்தார்களா என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. இரண்டு வழியிலும் இந்த நிறம் வரும் என்பதால், எல்லா ஊரிலும் ஒரே வழிதான் என்று நினைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருப்பு சிவப்பு என்றாலே தமிழ்நாட்டுப் பானை என்றும், பார்த்தவுடனே இத்தனை வருஷம் பழசு என்றும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானில் அகார், கிலுந்த் போன்ற இடங்களில் கீழடிக்கும் பல நூற்றாண்டு முந்திய கருப்பு சிவப்புப் பானைகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தில் நைல் கரையில் ஏறக்குறைய 6000 வருஷத்துக்கு முன்பே விளிம்பு கருப்பும் உடல் சிவப்புமாகப் பானை செய்தார்கள். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, கூடவே என்ன இருந்தது, இதெல்லாம் சேர்ந்தால்தான் வயது.

சரி, ஓட்டை எப்படிப் பார்ப்பது? முதலில் அடுப்புக் கரியையும் சூளைக் கருப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். சோறு பொங்கிய பானையில் கரி வெளியே, அடிப்பக்கத்தில் இருக்கும். ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் துணியில் ஒட்டும். இந்த ஓட்டில் நேர்மாறாக உள்ளே கருப்பு, எவ்வளவு தேய்த்தாலும் வராது.

[காட்சி: உடைந்த விளிம்பு, மிக அருகில்.]

அப்புறம் உடைந்த விளிம்பு. நான் எந்த ஓட்டைப் பார்த்தாலும் முதலில் இங்கேதான் பார்ப்பேன், மேல்பக்கத்தில் இல்லாத விஷயம் இங்கே இருக்கும். பாருங்கள், உள்ளிருந்து பாதிவரை கருப்பு, அங்கிருந்து பழுப்பாகி, வெளித்தோலில் சிவப்பு. இரண்டு பக்கமும் சிவந்து நடுவில் மட்டும் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் அது வேறு கதை: மண்ணில் கலந்திருந்த தழை, வேர் முழுக்க எரிந்து தீர்வதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது என்று அர்த்தம். விளிம்பு முழுக்க வெள்ளையாக இருந்தால் அது பீங்கானாக இருக்கலாம்.

உள்பக்கத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடினால் சக்கரத்தில் வனைந்தது. வழவழப்பான ஆழமில்லாத குழிகள் இருந்தால் தட்டி எடுத்தது, உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தட்டால் அடித்த தடம். ஒரே பானையில் இரண்டும் இருக்கலாம். நம் குயவர்கள் கழுத்தையும் தோளையும் சக்கரத்தில் முடித்து, அடிப்பாகத்தைப் பிறகு தட்டித்தட்டி மூடுவார்கள்.

எழுத்தோ குறியோ இருந்தால் கீறலின் ஓரத்தை விரலால் தடவுங்கள். ஈர மண்ணில் கீறியிருந்தால் ஓரத்தில் மண் மெல்லிய வரப்பு போல ஒதுங்கி நிற்கும். சுட்ட பிறகு கீறியிருந்தால் ஓரம் சொரசொரப்பாகச் சில்லுச்சில்லாகப் பெயர்ந்திருக்கும். கீழடியிலும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் கிடைத்த, தமிழி என்கிற பழங்கால எழுத்துள்ள ஓடுகளில் பெரும்பாலானவை இப்படிச் சுட்ட பிறகு கீறியவை. கீழடி ஓடு ஒன்றில் ஆதன் என்ற பெயர் இருக்கிறது. குயவர் எழுதியதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பானையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் தன் பெயரைத் தானே கீறியிருக்கலாம். எனக்கு அந்த நினைப்பே பெரிய சந்தோஷம்.

இன்னொரு வகை, புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த சாம்பல் நிறத் தட்டு. உள்ளே அடிப்பகுதியில் பொடிப்பொடிப் புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடும். 1945ல் அங்கே தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதை மத்தியதரைக் கடல் பக்கத்துப் பாணி என்று எடுத்துக்கொண்டார். பிறகு களிமண்ணையே சோதித்துப் பார்த்தபோது அது இந்திய மண் என்று தெரிந்தது. இலங்கையின் அனுராதபுரத்திலிருந்து இந்தோனேசியாவில் பாலித் தீவின் செம்பிரன் வரை அதே வகைத் தட்டு கிடைத்திருக்கிறது, கப்பல் ஏறிப் போன சரக்கு.

வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய ஓடு கண்ணில் பட்டால் தயவுசெய்து தோண்டாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878லிருந்தே இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இடத்தை விட்டுப் பெயர்த்த ஓடு பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது.

[காட்சி: கொல்லை. கூழாங்கல்லால் கிண்ணத்தைத் தேய்க்கும் கை.]

ஆசை தீர வேண்டுமென்றால் நீங்களே செய்யுங்கள். சலித்த களிமண்ணில் சின்னக் கிண்ணம் போதும். பாதி காய்ந்து, நகம் அழுத்தினால் லேசாகத் தடம் விழுகிற பதத்தில் காவியைக் கரைத்து மெல்லிசாகப் பூசி, அது உலர்ந்ததும் கூழாங்கல்லால் தேய்க்கத் தொடங்குங்கள். அரை மணி நேரத்தில் மண் தோல் மாதிரி மின்ன ஆரம்பிக்கும். இந்த மெருகுக்காகவே நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன். பிறகு நிழலில் ஒரு வாரம் காயட்டும். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் நெருப்பில் ஆவியாகி வெடித்துவிடும்.

திறந்த வெளியில், வீட்டை விட்டுத் தள்ளி, உமியைப் பரப்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்து விளிம்பைப் புதையுங்கள். சுற்றி வரட்டியை இடைவெளி விட்டு அடுக்குங்கள், காற்று போக வேண்டும். முதலில் சின்னத் தணல், ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழு நெருப்பு. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

முதல் தடவை நான் அவசரப்பட்டுச் சூடாக இருக்கும்போதே இடுக்கியால் தூக்கிவிட்டேன். உள்ளே காற்றுப் பட்டதும் கரி எரிந்துபோய் கருப்பு முழுக்கத் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. தரையில் வைத்ததும் விரிசலும் விட்டது. ஆரம்பத்தில் காட்டிய துண்டு அதில் தப்பிய பகுதிதான். இரண்டாவது தடவை மறுநாள் காலைவரை தொடவே இல்லை.

[காட்சி: சாம்பலுக்குள்ளிருந்து வெளியே வரும் கிண்ணம்.]

இதோ அது. உள்ளே முழுக் கருப்பு, வெளியே சிவப்பு, விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்பு வளையம். வளையம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது பாருங்கள், அன்றைக்கு உமி எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் கிடந்ததோ அதே உயரம்.